யாருடைய ரத்தமும் சேராத அங்கம்மா

இரத்த வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இயந்திரங்களைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் காலத்து இயந்திரங்களைக் காட்டினால் சிரிப்பீர்கள். கண்ணாடிக் குழாய்கள், ஒரு சுழற்றி, ஒரு வெந்நீர்த் தொட்டி, குழாயைத் தூக்கிப் பார்க்க ஒரு விளக்கு, அவ்வளவுதான். அவற்றை வைத்துக்கொண்டு பதுளை மாவட்டத்து மலைகளுக்குள் இருபத்தெட்டு வருடம் ரத்தம் பொருத்திக் கொடுத்தேன். நன்றாகவே கொடுத்தேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் ஒரு தடவை, கவுன்டரில் நின்று சொன்ன ஒரே வாக்கியத்தால் ஒரு மனுஷியின் உயிரை வாங்கப் பார்த்தேன். அந்தக் கதையை நீங்கள் வேறு யாரிடமிருந்தும் கேட்கமாட்டீர்கள், ஏனென்றால் அதை இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நானும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். படித்து, சோதனை எழுதி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டவன். அந்தக் கோட்டோடு வராந்தாவில் நடக்கும்போது கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு நாள் காலையில் லுணுகலைக்கு அப்பாலிருந்து அங்கம்மா என்ற அம்மாவைக் கொண்டுவந்தார்கள். எழுபது வயதை நெருங்கியவர், கொழுந்து பறித்து ஓய்ந்தவர். முழங்கால் வலிக்கு மாதக்கணக்காகக் கடை மாத்திரை விழுங்கி, வயிறு புண்ணாகி, ரத்தம் கறுப்பாக வாந்தியில் வந்துகொண்டிருந்தது. உடம்பில் இருக்கவேண்டிய ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இரண்டு பை ரத்தம் உடனே வேண்டும் என்று வார்டிலிருந்து சீட்டு வந்தது. ஓ பொசிட்டிவ். குளிர்ப்பெட்டியில் ஓ பொசிட்டிவ் நான்கு பை இருந்தது. அரை மணித்தியாலத்தில் முடியும் வேலை என்று நினைத்தேன்.

நான்கும் சேரவில்லை. அவருடைய ரத்த நீரில் அந்தப் பைகளின் சிவப்பணுக்களைப் போட்டுப் பார்த்தால், நான்கு குழாயிலும் அணுக்கள் திரண்டன. திரண்டால் கொடுக்கக்கூடாது. இது உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

செய்தி தோட்டத்துக்குப் போயிருக்கிறது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் கங்காணி விஷயத்தைச் சொன்னதும், அன்றைய வேலையை விட்டுவிட்டு முப்பது பேர் தோட்டத்து லொறியில் ஏறி வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் லொறியின் பின்கதவைத் திறந்து அவர்கள் இறங்கியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கொழுந்துக் கூடையை மட்டும் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே வந்திருந்தார்கள்.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால், கொடுக்க வருகிறவருக்கே ரத்தம் போதுமா என்று பார்ப்போம். நீல நிற மயில்துத்தக் கரைசலில் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுவோம். சொட்டு மூழ்கினால் கொடுக்கலாம். மிதந்தால் அவருக்கே காணாது. கொழுந்து பறிக்கும் பெண்களில் பலருடைய சொட்டு மிதக்கும். ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் ஆளாகக் கையை நீட்டியவள் அங்கம்மாவின் மருமகள் புஷ்பம். அவளுடைய சொட்டு கரைசலின் மேலே வந்து நின்றது.

"ஒங்களுக்கே ரத்தம் காணாது. தள்ளி நில்லுங்க" என்றேன்.

"இன்னொருக்கா பாருங்க ஐயா."

"நூறு தரம் பாத்தாலும் அதேதான்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

வந்தவர்களில் பதினொரு பேர் ஓ பொசிட்டிவ். அங்கம்மாவின் ஒரே மகன் முத்துராஜும் அதில் ஒருவர். பதினொரு பேருடைய மாதிரியையும் பொருத்திப் பார்த்தேன். பதினொன்றும் திரண்டன. பதிவுப் புத்தகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் 'பொருந்தவில்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். மத்தியானம் ஆகிவிட்டது. பசி வேறு. கவுன்டர் ஜன்னலில் முத்துராஜ் வந்து நின்றார்.

"ஏதாச்சும் சேந்துச்சுங்களா ஐயா?"

"ஒண்ணும் சேரலப்பா. யாரு ரத்தமும் அவங்களுக்குச் சேரல. ஒங்க ரத்தமே சேரல" என்றேன்.

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அங்கே கன்டீனில்தான் வார்டு அட்டெண்டன் வந்து, லுணுகலைப் பாட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், வேன்கூட வந்துவிட்டது என்று சொன்னார்.

வார்டுக்கு ஓடினேன். பாயைச் சுருட்டி, பிளாஸ்கையும் துவாயையும் பையில் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கெளம்புறீங்க?"

"வீட்டுக்குத்தாங்க" என்றார் முத்துராஜ். "டிக்கட் வெட்டி அனுப்பச் சொல்லி டொக்டர்கிட்ட கேட்டாச்சு. பெத்த புள்ள ரத்தமே சேரலன்னு நீங்கதானே சொன்னீங்க? இனி இங்க வச்சி என்ன செய்ய? உசுரு இருக்கயிலே லயத்துக்குக் கொண்டு போயிரணும். வழியில போயிட்டா வேன்காரன் எறக்கி விட்ருவான்."

பக்கத்தில் நின்ற கங்காணியின் மனைவிதான் மிச்சத்தைச் சொன்னார். "கெழவி மனசுல கோவம் கெடக்குது தம்பி. அதான் ஒருத்தர் ரத்தத்தையும் ஏத்துக்க மாட்டேங்குது. லயத்துல போயி சாமி முன்னுக்கு வச்சு, மன்னிப்புக் கேக்க வேண்டியவ கேட்டாத்தான் கெழவி நிம்மதியா கண்ண மூடும்."

மன்னிப்புக் கேட்கவேண்டியவள் யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய பார்வையும் ஒரே பக்கம் போனது. ஜன்னலோரம் புஷ்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் பீலிக் குழாயடியில், தண்ணீர்க் குடம் வைக்கிற சண்டையில், "நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று மாமியாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். முழு லயமும் கேட்டிருக்கிறது. அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இப்போது அவளுடைய சொட்டு மிதந்துவிட்டது, யாருடைய ரத்தமும் சேரவில்லை. அவர்கள் கணக்குக்கு எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் நான்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்கள்மேல், பிறகு நேராக என்மேல். லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா, 'ரத்தம் சேரவில்லை' என்றால் அங்கே எப்படிக் கேட்கும் என்று? கோட்டை மாட்டியதும் காது மரத்துவிட்டது.

"நான் சொன்னது தப்பு" என்றேன். "சோதன இன்னும் முடியல. எனக்கு ரெண்டு மணித்தியாலம் குடுங்க."

"அது வரைக்கும் வேன் நிக்காதுங்க ஐயா" என்றார் முத்துராஜ்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கம்மா கண்ணை மூடித்தான் இருந்தார், காது மூடவில்லை. "எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லப்பா. வயித்துலதான் நோவு."

புஷ்பம் திரும்பினாள். சுருட்டிய பாயை மாமியார் கட்டிலுக்குக் கீழே மறுபடியும் தள்ளிவிட்டாள். "வேன அனுப்பிருங்க. நா இங்கதான் இருக்கப் போறேன்" என்று புருஷனிடம் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதை மாற்ற அங்கே யாரும் துணியவில்லை.

ரெண்டு மணித்தியாலம் கேட்டுவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. கொழும்பில் இந்த மாதிரிச் சிக்கல்களைப் பார்க்கும் ஆய்வுகூடத்தில் ஒரு டொக்டரம்மா இருந்தார். காலையிலேயே அவருக்குத் தொலைபேசிக் கோல் எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை? கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற வீண் ரோசம். அந்த ரோசத்துக்கு ஐந்து மணித்தியாலம் போயிருந்தது. ஆஸ்பத்திரி ஒப்பரேட்டரைக் கெஞ்சி, இரண்டு முறை அறுந்து, மூன்றாம் முறை லைன் கிடைத்தது.

நான் எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினேன். அந்த அம்மா ஆங்கிலத்தில் நிதானமாக ஒன்றைத்தான் கேட்டார்: எவ்வளவு பலமாகத் திரள்கிறது?

பதினைந்து குழாய் பார்த்திருக்கிறேன், பதினைந்திலும் 'பொருந்தவில்லை' என்று எழுதியிருக்கிறேன். எத்தனை பலம் என்று ஒன்றில்கூட எழுதவில்லை. அவர் திட்டவில்லை. மூன்று வேலை சொன்னார். அந்த ரத்த நீரை இரட்டிப்பு இரட்டிப்பாகக் கரைத்துப் பார். பை அணுக்களைப் பப்பாளிப் பாலில் எடுக்கிற பப்பெய்னில் ஊறவைத்துப் பார். பிரசவ வார்டில் இன்றைக்குப் பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தம் இருந்தால் அதிலும் பார்.

அன்றைக்குத்தான் நான் குழாயைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றிலும் திரட்சி இருந்தது, ஆனால் ஒரே மாதிரி நோஞ்சான் திரட்சி. கரைத்துக்கொண்டே போனேன். ரத்த நீரில் இருந்துகொண்டு அடுத்தவர் அணுவைப் பிடித்துத் திரட்டுவதுதான் எதிரணு. பலமான எதிரணுவாக இருந்தால் முதலில் கட்டியாக நின்று பிறகு படிப்படியாக ஓயும். இது தொடக்கத்திலும் நோஞ்சான், அறுபத்துநான்கு மடங்கு கரைத்த பிறகும் அதே நோஞ்சான். கையைப் பிடிக்கும், இறுக்காது. பப்பெய்னில் ஊறிய அணுக்களில் திரட்சி அடியோடு மறைந்தது. காலையில் பிறந்த ஒரு குழந்தையின் ரத்தத்திலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அங்கம்மாவின் சொந்த அணுக்களும் திரளவில்லை.

மறுபடி கோல் எடுத்துச் சொன்னேன். வயதானவர்களிடம் சில சமயம் வரும் எதிரணு ஒன்று இருக்கிறது, இது அதுவாக இருக்கலாம், அது வழக்கமாக ஆளைக் கெடுக்காது என்றார் அவர். ஆனால் அதன் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கலாம். பப்பெய்ன் சோதனை பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுக்கும், சிலவற்றை அதுவும் மறைக்கும். மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பு. பதில் வரும்வரை நோயாளி தாங்குவாரா என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் பார்க்கவேண்டும் என்றார்.

தாங்கமாட்டார். அது எனக்கே தெரிந்தது. வார்டு டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், குறைவாகப் பேசுகிறவர். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொருந்தாத ரத்தத்தை ஏத்தச் சொல்லுறீர். உமக்கு நிச்சயமோ?" என்று கேட்டார்.

"நிச்சயம் இல்ல டொக்டர். ஆனா குடுக்காட்டி என்ன ஆகும்ங்கிறது நிச்சயம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ஒண்டு செய்வம். கொஞ்சமா ஏத்திப்போட்டு நிப்பாட்டுவம். நீரும் வந்து கட்டிலடியில நில்லும். நான் கையெழுத்து வைக்கிறன்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலை குழாயோடு முடிவதில்லை. ஆபத்தான பையைக் கொடுக்கச் சொல்கிறவன், அது ஏறும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். நிற்க மனமில்லை என்றால் கொடுக்கச் சொல்லக்கூடாது.

நான்கு பைகளில் மிகக் குறைவாகத் திரண்டதை எடுத்தேன். முத்துராஜிடமும் அங்கம்மாவிடமும் ஆபத்தை ஒளிக்காமல் சொன்னேன். "ஒங்க ஒடம்பு வயசுக்கு ஒரு விசயத்த மறந்துருச்சு. அதனால அது இருக்கிற எல்லார் ரத்தத்தையும் புதுசா பாக்குது. இதுக்கும் கோவதாபத்துக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். கங்காணி மனைவிக்குக் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"சரி தம்பி, ஊசிய சொருகுங்க" என்றார் அங்கம்மா.

நாலரை மணிக்கு ரத்தம் சொட்டத் தொடங்கியது. நர்ஸ் மிசி கையைப் பிடித்து நாடி பார்த்தார். டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். புஷ்பம் கட்டிலின் மறுபக்கம் குந்தி, மாமியாரின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் அவரைத் தொட்டிருக்கவேண்டும். நான் பையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். "காலு நடுங்குது" என்றாள் புஷ்பம்.

ரத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுக்கம்தான் முதலில் வரும். டொக்டர் கை குழாயை மூடப் போனது.

"அத்த, குளுருதா?" என்று அவள் கேட்டாள்.

"பயமா இருக்குடி" என்றார் அங்கம்மா.

காய்ச்சல் இல்லை. முதுகு வலி இல்லை. நாடி ஒழுங்கு. டொக்டர் கையை எடுத்துக்கொண்டார். புஷ்பம் தன் முந்தானையால் அந்தக் காலைச் சுற்றிப் போர்த்தினாள். நடுக்கம் மெதுவாக நின்றது.

ஐம்பது மில்லிலீட்டர் ஏறியதும் நிறுத்தினோம். அரை மணித்தியாலம் கழித்து அவர் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். சுழற்றியில் வைத்தேன். ஏறிய அணுக்கள் உள்ளே உடைந்திருந்தால் மேலே நிற்கும் நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். உடையாவிட்டால் வெளிர்மஞ்சளாக இருக்கும். அந்தச் சுழற்றி நிற்க எடுத்த நேரம்போல என் வாழ்க்கையில் எதுவும் இழுக்கவில்லை, கல்யாணப் பேச்சு உட்பட.

மஞ்சள். கலப்படம் இல்லாத மஞ்சள். மூன்று தடவை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பிறகு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே வார்டுக்கு நடந்து, டொக்டரிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு "விடும்" என்றார். மிச்ச ரத்தம் ஏறியது. அடுத்த நாள் இரண்டாவது பையும் ஏறியது. புண்ணில் ரத்தம் வடிவது நின்றது. பத்தாம் நாள் அங்கம்மாவுக்கு ஒழுங்கு முறையாக டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கங்காணி மனைவி அதற்கும் சாமியைத்தான் காரணம் சொன்னார்.

சில வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஜே.எம்.எச். என்ற ஒரு அடையாளத்துக்கு எதிரான எதிரணு, வேறொன்றும் ஒளிந்திருக்கவில்லை. எல்லாருடைய சிவப்பணுவிலும் இருக்கும் அந்த அடையாளம், சில வயதானவர்களிடம் மங்கி மறைந்துவிடுகிறது. அந்த மூன்றெழுத்தும் ஒரு நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள். நான் என் மனதுக்குள் அதற்கு அங்கம்மா என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன்.

கடிதம் சொல்லாததைப் பத்து வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். அந்த அடையாளம் உட்கார்ந்திருக்கும் புரதத்துக்கு செமபோரின் ஏழு ஏ என்று பெயர். பதுளை ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைவதற்கு முன்னால் ஒரு கம்பத்தில் கை ஏறி இறங்குமே, அந்தக் கைகாட்டியின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த பெயர். அந்தப் புரதம் வளரும் நரம்புக்கு வழி காட்டும், அழற்சிக்கு ஆள் கூப்பிடும். நுரையீரலில் தழும்பு விழும் நோயிலும், எலும்பு, நரம்பு நோய்களிலும் அதற்குப் பங்கு உண்டா என்று தேடுகிறார்கள். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையும்போது அதைத் தொடுகிறது என்றும் பின்னாளில் வாசித்தேன். நரம்பே இல்லாத சிவப்பணு ஏன் இந்தக் கைகாட்டியைச் சுமந்து திரிகிறது என்று கேட்டால் யாரும் அடித்துச் சொல்வதில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள், நான் உயிரோடுதான் இருப்பேன்.

இனிக் கவுன்டருக்கு வருவோம். 'சேரவில்லை' என்ற சொல்லை நான் அதன்பின் எந்தச் சொந்தக்காரரிடமும் சொன்னதில்லை. 'இன்னும் பாத்துக்கிட்டு இருக்கோம்' என்பேன், பிறகு உள்ளே போய் உண்மையாகவே பார்ப்பேன். தெரியாதபோது முதல் மணித்தியாலத்திலேயே தொலைபேசியை எடுப்பேன். இது இரண்டும் என் கையில் இருந்த எந்த இயந்திரத்தையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றியது.

அங்கம்மாவுக்கு இந்த எதிரணுவைக் குறித்து ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருந்தேன், எங்கே போனாலும் காட்டச் சொல்லி. மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வருவார், புஷ்பமும் கூட வருவாள். புஷ்பத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். அவள் அவற்றை விழுங்குகிறாளா என்று காவல் காத்தவர் மாமியார். "முழுங்குனியா, வாயத் தொற" என்று வராந்தாவில் அவர் அதட்டுவது என் மேசை வரைக்கும் கேட்கும்.

ஏழாவது மாதம் இரண்டு பேரும் கிளினிக் பக்கம் போகாமல் நேராக என் கவுன்டருக்கு வந்தார்கள். புஷ்பம் விரலை நீட்டினாள். குத்தினேன். ஒரு சொட்டு எடுத்து மயில்துத்தக் கரைசலில் விட்டேன். அங்கம்மா முழங்கால் வலியோடு எட்டிக் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சொட்டு மேலே ஒரு கணம் தயங்கியது.

"என்னா தம்பி, முங்குதா?"

முங்கியது. நேராக அடி வரைக்கும் போய் உட்கார்ந்தது.

"எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, அங்கம்மாவே மருமகளின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டார்.